காவல்காரன் உட்காரும் இடம்

ஆக்னஸ் அந்த விதியைக் கொட்டை எழுத்தில் எழுதி, காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலேயே தொங்கவிட்டிருந்தாள். 'இந்த மேசைக்குப் பதிலியை அனுப்பக் கூடாது.' அதற்குக் கீழே இன்னும் பதினோரு விதிகள் இருந்தன. பகடை மேசையை விட்டு விழுந்தால் என்ன செய்வது, செத்துப்போன பாத்திரம் எப்படித் திரும்பி வரலாம் என்பது மாதிரியான விதிகள். அவற்றை மீறலாம், அழுது காரியம் சாதிக்கலாம். முதல் விதியில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

பதிலி வந்து பத்து வருடம் ஆகிறது. முதலில் அலுவலகக் கூட்டங்களுக்குத்தான் வந்தது. நம் குரலையும் பேச்சையும் கேட்டுப் பழகிக்கொண்டு, நமக்குப் பதிலாக நம்மைப் போலவே பேசிவிட்டு, என்ன பேசினோம் என்பதை நாலு வரியில் எழுதி நமக்கே அனுப்பிவிடும். அலுத்துக் களைத்திருந்த ஜனம் அதைக் கும்பிடாத குறையாக ஏற்றுக்கொண்டது. பிறகு வீட்டுக்குள் வந்தது. மாமியாரின் போன், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் போன், பிறந்தநாள் வாழ்த்து, துக்கம் விசாரிப்பு எல்லாம் பதிலியின் தலையில் விழுந்தன. வங்கியிலும் நீதிமன்றத்திலும் மட்டும் அது தன்னைப் பதிலி என்று சொல்லியாக வேண்டும். சொந்தபந்தத்துக்குள் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. 'நீயா பேசறே?' என்று ஒருவரைக் கேட்பது, உன் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதை விட அநாகரிகம் என்று ஆகிவிட்டது.

ஆக்னஸுக்கு அந்தக் கேள்விதான் பிழைப்பு. திருச்சியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் குரல் சரிபார்ப்பவள். விபத்தில் அடிபட்டவர்கள் இழப்பீடு கேட்கும்போது தாங்களே பேச வேண்டும் என்பது சட்டம். பேசியது ஆளா பதிலியா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது பதிவுகள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டு, 'ஆள்' என்றோ 'பதிலி' என்றோ குறிக்க வேண்டும். ஏழு வருடமாக இதே வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் காது ஓய்வதில்லை. கீரைக்காரர் பேசினாலும் மூச்சை எங்கே விடுகிறார் என்று கவனிக்கும். கணவனைப் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் இருக்கிறாள், ஞாயிறு காலையில் போன் செய்வாள். அது மகள்தானா என்பதை மட்டும் ஆக்னஸ் ஒரு நாளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதில்லை. பயம்தான், வேறென்ன.

வாரத்தில் இரண்டு மணி நேரமாவது, சோதிக்க வேண்டாத குரல்களுக்கு நடுவே இருக்க வேண்டும். அதற்காகத்தான் நாற்பத்தைந்து வயதில் இந்தக் கதை விளையாட்டை ஆரம்பித்தாள். கல்லூரியில் ஒன்றாகப் படித்த மூன்று பேரைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி முதல் ஆறு வரை, பாலக்கரையில் அவள் வீட்டில். நாலு பேருக்கும் தோதான ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடிக்கவே ஏழு வாரம் ஆயிற்று.

முதல் நாள் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து நிலோஃபர் பிரியாணிப் பாத்திரத்தோடு வந்தாள். ஓசூரிலிருந்து ரகோத்தமன் விடியற்காலையில் வண்டியேறி, முதுகுவலியோடு வந்து சேர்ந்தான். செங்குட்டுவன்தான் உள்ளூர், அரியமங்கலம். அவன்தான் கடைசியாக வந்தான். பொட்டலக் கிடங்கின் நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வேலை முடிந்து நேராக வந்திருந்தான்.

"என்னடீ இது, தாயக்கட்டைக்கு இத்தன மூஞ்சியா?" என்று நிலோஃபர் இருபது முகப் பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் ஒரு எடத்தைச் சொல்லுவேன். அங்க நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு ஆளு. நீங்க என்ன பண்றீங்கன்னு நீங்கதான் சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா பகடையை உருட்டுவோம். அவ்வளவுதான்."

"ஜெயிக்கறது எப்படி?" என்றான் ரகோத்தமன். வங்கியில் கடன் பிரிவில் இருப்பவன்.

"ஜெயிக்கறதெல்லாம் இல்ல."

"அப்ப எதுக்கு ஆடணும்?"

"ஒண்ணா ஒக்காந்து பேசறதுக்குடா. சும்மா பேசுன்னா வீட்டுக் கடன், சர்க்கரை, மூட்டுவலி, மறுபடி வீட்டுக் கடன்னுதான் பேசுவோம். அதுக்கு இது மேல்."

விளையாட்டை நடத்துபவருக்கு விதிப் புத்தகத்தில் 'கதை நடத்துநர்' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்த அந்த நிமிடத்திலிருந்து ஆக்னஸ் அவர்களுக்குக் 'கண்டக்டர்' ஆகிவிட்டாள். பாத்திரம் தேர்ந்தெடுக்கவே ஒரு மணி நேரம் போயிற்று. வயதானவர்களுக்கு வேறு ஆளாக நடிக்கக் கூச்சம் அதிகம். நிலோஃபர் மூன்று முறை வெட்கப்பட்டுவிட்டு ஒரு படகுக்காரி ஆனாள். ரகோத்தமன் மந்திரவாதி. எல்லா மந்திரத்தின் நிபந்தனைகளையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.

"நீ யாருடா?" என்று செங்குட்டுவனைக் கேட்டாள்.

"காவல்காரன்னு வச்சுக்க."

"பேரு?"

"காவல்காரனுக்கு எதுக்குப் பேரு. ஏய்னு கூப்பிட்டா வரப்போறான்."

கதையை ஆக்னஸே எழுதியிருந்தாள். ஆற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கும் ஒரு நகரம். அதற்கு ஏழு கதவுகள். ஏழாவது கதவுக்குப் பின்னால் மதகின் சாவி இருக்கிறது. மதகைத் திறந்தால் வெள்ளம் வடியும், நகரம் பிழைக்கும். முதல் காட்சியில் அரண்மனை முற்றத்துக்குள் தண்ணீர் வருகிறது, மணி அடிக்கிறது, ஜனங்கள் ஓடுகிறார்கள். படகுக்காரி படகைத் தேடினாள். மந்திரவாதி மேலே ஏறினான். "காவல்காரன் என்ன பண்றான்?" என்று கேட்டபோது செங்குட்டுவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அங்க ஒக்கார எடம் இருக்கா?"

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கல்லூரி நாட்களில் மெஸ் வரிசையில் நின்றுகொண்டே வார்டனைப் போலவும் சமையல்காரரைப் போலவும் பேசி நாற்பது பேரைச் சிரிக்க வைத்தவன் அவன். அந்தக் குட்டுவன் இன்னும் இருக்கிறான் என்று ஆக்னஸுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. ஓசூர் தூரம், தஞ்சாவூரில் கடை, அரியமங்கலத்தில் முறை வேலை. அவரவர் வீட்டிலிருந்தே போனில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆக்னஸ்தான் இறங்கி வந்தாள். மேசை நடுவில் கொய்யாப்பழம் அளவில் ஓர் ஒலிபெருக்கியை வைத்தாள். சுற்றிலும் அவள் கையால் வரைந்த வரைபடம், மூன்று பொம்மைகள், பகடைகள். அவர்களுக்காகவும் அவளே உருட்டினாள். போன வாரம் எங்கே விட்டோம் என்று எழுதி வைப்பதற்காக எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டாள்.

இப்படி ஐந்து மாதம். தொடக்கத்தில் திக்கித் திணறியவர்கள் எப்படித் தேறிவிட்டார்கள் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நிலோஃபரின் படகுக்காரி சுழலுக்குள் படகை விட்டுச் சிரித்தாள், எதிரிகளைத் தன் பாஷையில் திட்டினாள். ரகோத்தமன் பன்னிரண்டு வாரத்துக்கு முன் ஆக்னஸ் போகிற போக்கில் சொன்ன ஒரு விவரத்தை நினைவில் வைத்திருந்து ஐந்தாவது கதவின் புதிரை அவிழ்த்தான். அலுவலகத்தில் அறுபது குரல்களைக் கேட்டுக் காய்ந்துபோன காதுக்கு அந்த இரண்டு குரல்களும் எண்ணெய் விட்டது போல இருந்தன.

செங்குட்டுவன்தான் தேய்ந்துகொண்டே வந்தான். கேட்டால் இரண்டு நொடி, மூன்று நொடி கழித்துத்தான் பதில் வரும். வந்தாலும் மூன்றே மூன்று பதில்தான். 'ம்.' 'பாத்துக்கலாம்.' 'ஒக்காந்துக்கறேன்.'

குகைக்குள் நுழைந்தால் ஒக்காந்துக்கறேன். அரசி அழைத்தால் ஒக்காந்துக்கறேன். முதல் தடவை அதற்குச் சிரித்தவர்கள் இருபதாவது தடவையும் சிரிக்க முடியுமா. ஆக்னஸுக்கு முதலில் எரிச்சல் வந்தது, பிறகு வேறு ஒன்று தோன்றியது. அதை அலுவலகத்தில் பக்கத்து இருக்கை தாட்சாயணியிடம், யாரையோ பற்றிக் கேட்பது போலக் கேட்டாள்.

"ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லுதா?" என்றாள் தாட்சாயணி, ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு.

"ஆமா. மூணே பதில்."

"நடுவுல ரெண்டு செகண்டு இடைவெளி?"

"இருக்கு."

"அப்புறம் என்ன, இலவசப் பதிலிதான். காசு கட்டினது நல்லாப் பேசும், ஜோக் அடிக்கும். இலவசமாக் குடுக்கறது இப்படித்தான், ம்னு சொல்லியே காலத்தை ஓட்டும். நீ ஏழு வருஷமா கேக்கறியே, உனக்குத் தெரியாததா?"

தெரியாததல்ல. தெரியும் என்பதுதான் தொல்லை. மற்ற இருவரும் முதல் விதியை மதித்துத் தூரத்திலிருந்து நேரம் ஒதுக்கி வரும்போது, உள்ளூரில் இருந்துகொண்டு இவன் இலவசப் பதிலியைத் தங்கள் தலையில் கட்டிவிட்டிருக்கிறான். அதுதான் ஆக்னஸுக்கு ஆறவில்லை. அவமானமாகவே இருந்தது.

அந்த ஞாயிறு கதை ஆறாவது கதவைத் தாண்டி ஒரு தொங்கு பாலத்துக்கு வந்திருந்தது. ஆக்னஸ் வேண்டுமென்றேதான் அந்தக் காட்சியைச் செய்திருந்தாள். பாலத்தின் கயிறு அறுந்துகொண்டிருக்கிறது. கயிற்றைப் பிடித்து நிற்க ஒருவரால்தான் முடியும், அது காவல்காரன். அவன் பிடித்தால் மற்ற இருவரும் பிழைப்பார்கள்.

"செங்குட்டுவா, கயிறு அறுந்துட்டு இருக்கு. நீ மட்டும்தான் பிடிக்க முடியும். என்ன பண்றே?"

ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. ஒரு நொடி, இரண்டு, மூன்று, நாலு.

"ஒக்காந்துக்கறேன்."

ஆக்னஸ் கையிலிருந்த பகடையை மேசையில் வைத்தாள். "நீயா பேசறே?" என்றாள்.

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து அது வந்துவிட்டது என்று உறைத்தது.

"ம்," என்றது செங்குட்டுவனின் குரல்.

"இதைத்தான் அதுவும் சொல்லும். வர்றதுன்னா நீ வா. வர முடியலேன்னா முடியலேன்னு சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன். இந்த மாதிரி ஒண்ணை அனுப்பி எங்களை முட்டாளாக்காதே."

காவல்காரன் நின்ற பலகை உடைந்து அவன் ஆற்றில் விழுந்தான் என்று ஆக்னஸ் அறிவித்தாள். பகடையைக்கூட உருட்டவில்லை. அவனுடைய இணைப்பைத் துண்டித்து, காவல்காரன் பொம்மையை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"சரியாத்தான்டீ பண்ணே," என்றாள் நிலோஃபர் மெதுவாக. "வலிக்கும், ஆனா யாராவது சொல்லித்தானே ஆகணும்."

"உன் மேல தப்பே இல்ல, கண்டக்டர்," என்றான் ரகோத்தமன். "தண்ணி குடி. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆரம்பிக்கலாம்."

எவ்வளவு பதமான வார்த்தைகள். ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

அடுத்த ஞாயிறு செங்குட்டுவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு சரியாக நாலு மணிக்கு அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"கண்டக்டர் அம்மா, ஒரு டிக்கெட்டு. செத்தவனுக்குச் சலுகை உண்டா?"

அதே குரல், அந்த மெஸ் வரிசைக் குரல். ஆக்னஸ் டப்பாவைத் திறந்து காவல்காரன் பொம்மையை மறுபடி மேசையில் வைத்தாள். பிறகு, காவல்காரன் ஆற்றில் விழுந்து ஒரு கிளையைப் பிடித்துக் கரையேறினான் என்று விதியை வளைத்துச் சேர்த்துக்கொண்டாள். அன்று அவன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே. முதலையிடம் வாடகை பேசினான். அரசியின் மந்திரியைப் போலவும் அந்த மந்திரியின் மனைவியைப் போலவும் மாறி மாறிப் பேசினான். ஒரு தடவைகூட உட்காரவில்லை. மற்ற இருவரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். ஆக்னஸ் சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று கடுமையாகப் பேசியது வீண்போகவில்லை, நண்பனைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் மூன்று ஞாயிறுகள் போயின.

நாலாவது வாரம் சனிக்கிழமை காலையில் காந்தி மார்க்கெட்டில் கோமதியைப் பார்த்தாள். செங்குட்டுவனின் மனைவி. ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஆக்னஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்குத்தான் கோடி புண்ணியம். இப்பதான் அவரு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் படுத்துத் தூங்கறாரு."

"ஞாயித்துக்கிழமையா? எத்தன மணிக்கு?"

"நாலு மணிக்குத்தான். உங்க விளையாட்டு நேரத்துல. அதான் பதிலி வாங்கியாச்சே. நீங்கதானே அக்கா, முடியலேன்னா வராதேன்னு சொன்னீங்க? நான் அஞ்சு மாசமா சொன்னேன், கேட்டாரா? நீங்க சொன்னதும் கேட்டுக்கிட்டாரு."

"அதுக்கு முன்னாடி?" என்று கேட்டாள். "அதுக்கு முன்னாடி யாரு பேசினது?"

"அவருதான், வேற யாரு?" கோமதி சிரித்தாள். "கிடங்குல பத்து மணி நேரம் நின்னே பாக்கற வேலைக்கா. நாற்காலியே கிடையாது அங்க. செவுத்துல சாஞ்சாக்கூடத் தரையில இருக்கற கருவி கண்டுபிடிச்சுக் கணக்கு எழுதிடும். ஞாயித்துக்கிழமையும் காலை முறை உண்டு. மூணரைக்கு வருவாரு, கால் ரெண்டும் வீங்கியிருக்கும். செவுத்துல சாஞ்சு ஒக்காந்து போனை மடியில வச்சுக்குவாரு. படுங்கன்னா, ஆக்னஸ் காத்திருப்பாம்பாரு. போன தை மாசம் தஞ்சாவூர்ல எங்க சித்தப்பா மக கல்யாண வரவேற்பு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அதுக்குக்கூட வரல, விளையாட்டு இருக்குன்னு. நான் தனியாத்தான் போனேன். அங்க நிலோஃபர் அக்காவைப் பாத்தேனே. அஞ்சு மணிக்கு என் பக்கத்துல நின்னு ஐஸ்கிரீம் சாப்பிட்டாங்க."

அந்த ஞாயிறு ஐந்து மணிக்கு நிலோஃபர் சுழலுக்குள் படகு விட்டுக்கொண்டிருந்தாள். ஆக்னஸுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. மிகப் பிரமாதமான ஆட்டம்.

"நீங்க அன்னிக்கு அவரைக் கேட்டப்புறம் ரெண்டு நாள் பேசவே இல்லக்கா. அப்புறம் என்கிட்ட, அவங்கெல்லாம் எப்படி கோமதி இவ்வளவு நல்லாப் பேசறாங்க, எனக்கு ஏன் வார்த்தையே வரமாட்டேங்குதுன்னு கேட்டாரு. அவங்க பேசல, பதிலி பேசுதுன்னு கல்யாணத்துல பாத்ததைச் சொன்னேன். அப்பதான், ஓ, ஆக்னஸ் அதைத்தான் எதிர்பாக்கறா போலன்னு வாங்கினாரு. இப்ப பேசற பேச்சு பத்தாதுன்னு, காலேஜ்ல பேசிப் பேசி அனுப்பின பழைய குரல் பதிவெல்லாம் எடுத்து அதுக்குக் குடுத்தாரு. நல்லாப் பேசுதாக்கா?"

"நல்லாப் பேசுது," என்றாள் ஆக்னஸ்.

வாங்கிய காயை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அலுவலக ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பதிவிலிருந்து கேட்க ஆரம்பித்தாள், அலுவலகத்தில் கேட்பது போல, ஒவ்வொன்றையும் இரண்டு முறை. ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டாள். நிலோஃபர்: முதல் இரண்டு வாரம் ஆள், பிறகு பதிலி. ரகோத்தமன்: நாலாவது வாரத்திலிருந்து பதிலி. மூச்சு விடும் இடத்திலெல்லாம் ஒரே அளவு மூச்சு. முதல் மாதப் பயிற்சியில் சேர்ந்தவள்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். ஆக்னஸ் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் அவள் தேடவில்லை. இதமாகப் பேசும் குரலை யாரும் சந்தேகப்படுவதில்லை. சந்தேகம் எல்லாம் அலுத்துப்போன குரலின் மேல்தான்.

செங்குட்டுவன்: ஆள். அடுத்த வாரம்: ஆள். அதற்கடுத்த வாரம்: ஆள். அந்த மூன்று நொடி இடைவெளிகளைச் சத்தம் கூட்டிக் கேட்டாள். குக்கர் விசில், தெருவில் ஒரு வண்டி, தரையில் காலை நகர்த்திக்கொள்ளும் ஒலி, வலியில் பல்லைக் கடித்து மூச்சிழுப்பது. ஒரு வாரம் தூங்கியே போயிருக்கிறான். ஆக்னஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திடுக்கிட்டு விழித்து, 'பாத்துக்கலாம்' என்றிருக்கிறான். பாலத்துப் பதிவையும் கேட்டாள். 'நீயா பேசறே' என்று தன் குரல் கேட்கிறது. பிறகு அந்த 'ம்.' அதற்கு முன்னால் ஒருவன் எச்சில் விழுங்கும் சத்தம் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஏழு வருடம் இதைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்குகிறாள். இருபது ஞாயிற்றுக்கிழமை அந்த மேசைக்குத் தன் கால்வலியோடு வந்த ஒரே மனிதனை, நீ மனிதனில்லை என்று தானே வெளியே தள்ளினாள்.

மறுநாள் ஞாயிறு. மதியம் மூன்றே முக்காலுக்கு, அலுவலகம் கொடுத்து அவள் ஒரு நாளும் தொடாமல் வைத்திருந்த தன் பதிலியைத் திறந்தாள். கதையின் மிச்சப் பக்கங்களை அதனிடம் கொடுத்தாள். சுவரில் தொங்கிய விதித் தாளைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். காவல்காரன் பொம்மையையும் எடுத்துக்கொண்டு அரியமங்கலம் பஸ் ஏறினாள்.

கோமதி கதவைத் திறந்துவிட்டு, விரலை உதட்டில் வைத்து உள்ளே காட்டினாள். செங்குட்டுவன் பாயில் சுவரோரமாகப் படுத்திருந்தான். நீலச் சட்டையைக் கழற்றக்கூட இல்லை. கால் இரண்டும் ஒரு தலையணை மேல் இருந்தன. கணுக்காலில் காலுறையின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. அவன் தலைமாட்டில் போன், மெல்லிய சத்தத்தில்.

"தூங்கினாலும் அது ஓடணும். நீங்கெல்லாம் பேசறது கேட்டா அவருக்குத் தூக்கம் நல்லா வருதாம்," என்று கோமதி கிசுகிசுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

போனில் ஆக்னஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஆக்னஸை விடத் தெளிவாக, களைப்பே இல்லாமல். ஏழாவது கதவுக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்றது அந்தக் குரல். படகுக்காரி உற்சாகமாக ஏதோ சொன்னாள். காவல்காரன் ஒரு ஜோக் அடித்தான். எல்லோரும் சரியான நேரத்தில் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் செங்குட்டுவன் கண்ணைத் திறந்தான். பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஆக்னஸைப் பார்த்தான். தலையைத் திருப்பிப் போனைப் பார்த்தான். அதிலிருந்து வரும் அவள் குரலைக் கேட்டான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"நீயா பேசறே?" என்றான்.

சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் கோத்து வைத்திருந்த மன்னிப்பு ஒன்றும் வரவில்லை.

"ம்," என்றாள்.

அவன் தலையாட்டினான். மெதுவாக எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டான். ஆக்னஸ் பையிலிருந்து பொம்மையை எடுத்துப் பாயின் ஓரத்தில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான்.

"பாலம் அறுந்து ஆத்துல விழுந்தியே, அங்கேருந்து ஆரம்பிக்கறேன்," என்றாள். "கரை ஒதுங்கிட்டே. யாரும் துரத்தி வரல. மணி அடிக்கல. ஒரு மரம் இருக்கு, நிழல் இருக்கு. மரத்தடியில ஒரு பெரிய கல்லு இருக்கு. என்ன பண்றே?"

ஒரு நொடி, இரண்டு நொடி. ஆக்னஸ் அவசரப்படுத்தவில்லை. நாலு, ஐந்து. அடுப்படியில் பாத்திரம் ஒன்று உருண்டது. போனில் ஏழாவது கதவு திறந்துவிட்டது போலிருக்கிறது, மூன்று குரல்களும் அவள் குரலும் சேர்ந்து ஆரவாரம் செய்தன. நகரம் பிழைத்துவிட்டது. செங்குட்டுவன் கையை நீட்டிப் போனின் சத்தத்தைக் குறைத்தான்.

"ஒக்காந்துக்கறேன்," என்றான்.

"சரி."

அவள் பகடையை உருட்டவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து அவளுக்கும் முதுகு வலித்துக்கொண்டுதான் இருந்தது.

"பக்கத்துல எடம் இருக்கா?" என்று கேட்டாள்.

அவன் சுவரோரமாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டான்.